எல்லாக் கோப்பும் என் மேசைக்கு வந்த காலம்

தணிக்கை அலுவலகம் நடத்தும் எனக்கு, மாதந்தோறும் 20ஆம் தேதி நெருங்கினாலே வயிற்றில் புளி கரைக்கும். ஜிஎஸ்டி வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்குப் பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு அதுவே கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இந்த அச்சத்தால், அலுவலகத்தில் ஐந்து பேர் இருந்தும், நான் பார்க்காமல் எந்தப் படிவமும் போகக் கூடாது என்று விதித்திருந்தேன். வாடிக்கையாளரை அழைத்து ஓடிபி வாங்குவதுகூட நான்தான்.

அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக ஒருமுறை 19, 20 ஆகிய இரு நாட்களும் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது, 16ஆம் தேதியே முடிந்திருந்த பதினோரு கோப்புகள் நாடா கட்டியபடி என் மேசையில் கிடந்தன. "நீங்கள் பார்த்த பிறகுதானே அனுப்ப வேண்டும், சார்" என்றார் மூத்த உதவியாளர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை; தாமதக் கட்டணத்தை நானே கட்டினேன்.

அதைவிட உறுத்தியது, கோப்புகளைப் பிரித்தபோது கண்டதுதான். விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் 2பி அறிக்கையோடு கொள்முதல் பதிவேட்டை ஒப்பிட்ட தாளில், பொருந்தாத பில்களுக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவே. விற்றவருக்கு ஒரு போன் செய்திருந்தால் பாதி தீர்ந்திருக்கும். எப்படியும் சார் பார்ப்பார் என்பதால் யாரும் செய்யவில்லை. நான் சரிபார்க்கச் சரிபார்க்க, அவர்கள் சரிபார்ப்பது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வேலையைக் கொடுத்துவிட்டு முடிவெடுக்கும் உரிமையைக் கையிலேயே வைத்துக்கொண்டதைத்தான் பொறுப்பைப் பகிர்வதாக அத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

மறுமாதம் பதினைந்து வாடிக்கையாளர்களை, அவர்கள் சம்மதத்தோடு, மூத்த உதவியாளரிடம் முழுமையாக ஒப்படைத்தேன். கொள்முதலில் கட்டிய உள்ளீட்டு வரியில் வேறுபாடு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினாலோ துறையிலிருந்து நோட்டீஸ் வந்தாலோ மட்டும் என்னிடம் வர வேண்டும். மற்றவற்றில் அவர் முடிவே முடிவு. இதை எழுதியே கொடுத்தேன், ஏனெனில் வாய்ச்சொல்லை மீறுவதில் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் மாதமே அவர், வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டியில் கட்ட வேண்டிய தொகைக்கு, உள்மாநில விற்பனையில் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி தலைப்பில் சலான் போட்டுவிட்டார். கோப்பைப் பிடுங்கிக்கொள்ளக் கை பரபரத்தது. பணம் இன்னும் வரிக்குக் கழிக்கப்படாமல் ஜிஎஸ்டி போர்ட்டலின் மின்னணு ரொக்கப் பேரேட்டிலேயே இருந்ததால் பிஎம்டி-09 படிவத்தின் மூலம் மாற்றிவிடலாம் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லாமல், "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். அரைமணி நேரத்தில் அவரே வழி கண்டுபிடித்து மாற்றினார். அதன்பின் சலான் போடுமுன் தலைப்பைச் சரிபார்க்கும் வழக்கத்தை அலுவலகத்தில் கொண்டுவந்தவரும் அவரே.

எல்லாவற்றையும் கைமாற்றிவிட முடியாது. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடுவதும் அதற்கென்று யூடின் என்ற தனி அடையாள எண் எடுப்பதும் பட்டயக் கணக்காளரின் பொறுப்பு; அங்கே இன்றும் வரி வரியாகப் படிக்கிறேன். முன்பு அதற்குத்தான் நேரம் கிடைக்காமல் இருந்தது. 20ஆம் தேதி இரவு போர்ட்டலைத் திறந்து எல்லாம் தாக்கலாகிவிட்டதா என்று பார்க்கும் பழக்கத்தை மட்டும் இன்னும் விட முடியவில்லை. அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது.