ட்ரேஸ்: தடமா, சுவடா?

"ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன், அந்த ஃபங்ஷன் ஓடவே இல்லை." இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. நிரலின் எந்தத் துண்டு (ஃபங்ஷன்) ஓடியது என்று ஓடும்போதே பதிந்து பார்ப்பதுதான் ட்ரேஸ். பின்பாதியை நம்பும் முன் ட்ரேஸ் என்ற சொல்லையே கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இழுத்தலைக் குறிக்கும் 'ட்ராஹெரே' என்ற லத்தீன் வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. டிராக்டருக்கும் அதே வேர்தான்.

தமிழில் தடம் என்றும் எழுதுகிறோம், சுவடு என்றும் எழுதுகிறோம். நான் சுவடு பக்கம். தடத்துக்கு வழி என்றும் பொருள் உண்டு. பஸ் ஓடாத நாளிலும் பேருந்துத் தடம் தடம்தான். சுவடு அப்படியல்ல. யாராவது நடந்தால்தான் விழும், விழுந்த பிறகு அழியவும் அழியும். 'சுவடு தெரியாமல் போய்விட்டான்' என்கிறோமே, அவன் போனது உண்மை, சுவடுதான் இல்லை.

கெர்னலிலும் இதே கதைதான். லினக்ஸின் ட்ரேஸ் கருவியான எஃப்ட்ரேஸ், நிகழ்வுகளை ஒரு வளைய பஃபரில், அதாவது சுற்றிச் சுற்றி எழுதும் நினைவக இடத்தில், எழுதுகிறது. அது நிரம்பிவிட்டால், நாம் அமைப்பை மாற்றாதவரை, பழையதை அழித்துப் புதியது உட்காரும். பிழைச்செய்தி வராது. எத்தனை அழிந்தன என்ற கணக்கு ஒவ்வொரு சிபியூவுக்கும் உரிய ஸ்டாட்ஸ் கோப்பில், ஓவர்ரன் என்ற வரியில் இருக்கும். நாமாகப் போய்த் திறந்தால்தான் உண்டு. அப்புறம், கம்பைலர் ஒரு ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலேயே இன்லைன் செய்திருந்தால் (அதன் வரிகளை அங்கேயே பதித்திருந்தால்), அதன் பெயரில் வைத்த கேப்ரோப், அதாவது ஓடும்போது பதிவு செய்ய கெர்னலில் வைக்கும் கண்ணி, அங்கே அடிக்காது. இப்படிப்பட்டவற்றை 'அரவமில்லாப் பிழை' என்று சொல்லலாம்.

இதில் பெரிய கைகளே தடுமாறியிருக்கின்றன. டிட்ரேஸ் என்ற இன்னொரு ட்ரேஸ் கருவியை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஆடம் லெவந்தால், 2008 ஜனவரியில் மேக் ஓஎஸ் எக்ஸில் ஒரு விநோதத்தைக் கண்டார். ஐடியூன்ஸ் ஓடும்போது, சீரான இடைவெளியில் அடிக்க வேண்டிய டைமர் ப்ரோப்கூட இடையிடையே அடிக்கவில்லை. தன்னை யாரும் ஆராயக் கூடாது என்று குறியிட்டுக்கொண்ட செயலி சிபியூவில் இருக்கும் நேரமெல்லாம் ப்ரோப்கள் அடிக்காதபடி ஆப்பிள் மாற்றியிருந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை, எண்ணிக்கைதான் குறைந்தது. மற்ற செயலிகளைப் பற்றிய கணக்கும் அதனால் கெட்டது. டிட்ரேஸ் பொய் சொல்லாது என்று நம்பி முடிவெடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சரி, ட்ரேசிங் என்பதைச் 'சுவடறிதல்' என்றே எழுதுவோம். ஒரு ஃபங்ஷன் ஓடிய எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். அந்த ஃபங்ஷனை நீங்களே ஒருமுறை ஓடவைத்து, சுவடு விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால், ஓவர்ரன் வரியையும் பார்த்துவிட்டுப் பூஜ்யத்தை எழுதிக்கொள்ளுங்கள்.