ஹார்ட் டிஸ்க் இழுபட்டால் முதலில் கொப்பி, பிறகுதான் திருத்தம்

ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் கொம்பியூட்டர் அரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறதா? 'வைரஸ்தான்' என்று விண்டோஸைத் திரும்பப் போடவேண்டாம். பழுது ஹார்ட் டிஸ்க்கில் என்றால், புது விண்டோஸ் உங்கள் படங்களின் மேலேயே எழுதப்பட்டுவிடலாம்.

டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தரம் சுழல்கிறது. வாசிக்கும் ஹெட் அதற்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கிறது. தட்டில் 'செக்டர்' எனும் சிறு துண்டுகளாகப் பதிந்துள்ள டேட்டாவோடு பிழைதிருத்தக் குறியீடும் உண்டு. அதனாலும் சரிக்கட்ட முடியாதபோது டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும், உறைவது அதனால்தான். அப்படியும் வாசிக்க முடியாத செக்டரை நிலுவையில் போட்டுவைக்கும். பின்னர் அங்கே எழுத வரும்போதுதான் சோதித்து, பழுதென்றால் உதிரிச் செக்டர் ஒன்றைக் கொடுக்கும்.

இந்தக் கணக்கெல்லாம், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பதிவில் இருக்கும். அதைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் பாருங்கள்: 5ஆம் இலக்கம் இடம் மாற்றிய செக்டர்கள், 197 நிலுவை. 197ஐ அது 'சி5' என்று காட்டும்; பெறுமதியும் பதினறுமத்தில் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) வரும், 10 என்றால் 16. நாளுக்கு நாள் கூடினால் டிஸ்க் போகிறது என்றே கொள்ளுங்கள். 199 ('சி7', டேட்டா கடத்தும்போது வரும் பிழை) மட்டும் கூடினால் பெரும்பாலும் கேபிள் பழுது. மாற்றிய பிறகு எண் குறையாது, அப்படியே நின்றால் போதும்.

கூகுள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் தட்டைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாததைவிட 39 மடங்கு. ஆனால் பழுதானவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை. புரோகிராம் 'நல்லது' என்று காட்டுவதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

'டிக் டிக்' சத்தம் என்றால் ஹெட் தடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பி வருகிறது. யூஎஸ்பி டிஸ்க்குக்குக் கரண்ட் போதாமலும் இப்படி வரும். ஒருதரம் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். நிற்காவிட்டால் கழற்றி வையுங்கள், வீட்டில் திறக்கவே வேண்டாம். ஒரு தூசியே அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிது.

சத்தமில்லாத டிஸ்க்கில் செக்டிஸ்க் (பிழை திருத்தும் விண்டோஸ் கருவி), டிஃபிராக் (ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் கருவி) எதுவும் ஓட்டாமல், வேறெங்கும் இல்லாததை முதலில் எடுங்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஆல்பங்களை இழந்த வீடுகள் இங்கே எத்தனை! மிஞ்சிய படங்களின் ஸ்கான் ஒரே டிஸ்க்கில் கிடந்தால் அதுவே முதலில். சினிமாப் படம், பாட்டு எல்லாம் பிறகு.

கொப்பி இடையில் நின்றால், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்கும் டிடிரெஸ்கியூ என்ற புரோகிராமை ஓட்டுங்கள். முதற்சுற்றில் அது நல்ல பகுதிகளை அள்ளும். கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் போகும். மேப் ஃபைல் (எதுவரை எடுத்தது என்ற குறிப்பு) கொடுத்தால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். புது டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. எது பழையது, எது புதியது என்பதைச் சீரியல் இலக்கம் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாறினால் உள்ளதும் அழியும். செக்டிஸ்க்கை அந்தக் கொப்பியில் ஓட்டலாம். பிறகு வீடியோக்களைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள்: நடுவில் ஓட்டை விழுந்த ஃபைலும் பெயரிலும் அளவிலும் முழுசாகவே தெரியும்.