கெர்ப் வெயிட்: தமிழில் 'ஆயத்த எடை'

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, 'ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?' என்றுதான். அதே விவரத்தாளில் 'கெர்ப் வெயிட்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கார் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று பார்க்க நினைத்தால், நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

ஆளோ சாமானோ ஏறாமல், எரிபொருள், எண்ணெய், கூலன்ட் எல்லாம் ஊற்றி, கிளம்பத் தயாராக நிற்கும் வண்டியின் எடையே கெர்ப் வெயிட். கெர்ப் என்பது நடைபாதையின் விளிம்புக் கல். 'வளைந்த' என்று பொருள்படும் லத்தீன் சொல்லான குர்வுஸ், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கடிவாளத்தின் ஒரு பகுதிக்கும், கிணற்றைச் சுற்றிய கட்டுக்கும் பெயராக இருந்து, பிறகு சாலையோரக் கல்லுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கல்லோரம் நிறுத்தி வைத்த வண்டியின் எடை என்பதால் இந்தப் பெயர்.

ஆனால் 'காலி வண்டி' எது என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்ப்பார்கள். டாங்க்கில் 90 சதவீதம் எரிபொருள் இருக்க வேண்டும். நம் ஆர்.சி. புக்கில் இருப்பது 'அன்லேடன் வெயிட்'. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அதில் ஓட்டுநர் சேர்த்தியில்லை. பிரிட்டனில் இன்னும் வேடிக்கை. அங்கே அதே 'அன்லேடன்' என்ற சொல்லுக்கான விளக்கத்தில், எரிபொருளோடு மின்வண்டியின் பேட்டரியும் கழிக்கப்படுகிறது! வண்டியிலேயே கனமான பாகத்தைக் கழித்துவிட்டு எடை சொன்னால் யாருக்கு என்ன பயன்?

சின்னப் பெட்ரோல் காரில் டாங்க்கை நிரப்பினால் ஏறுவது ஏறக்குறைய முப்பது கிலோ. ஓட ஓட அதுவும் குறையும். 40 கிலோவாட்-மணி மின்சாரம் கொள்ளும் பேட்டரியோ 250 முதல் 300 கிலோ வரை வரும். சார்ஜ் தீர்ந்தாலும் ஒரு கிராம்கூட இறங்காது. அதைத் தாங்க உறுதியான சட்டகம், பெரிய டயர், பெரிய பிரேக் வேண்டும். அவையும் எடை கூட்டும். அதே தூரம் போக இன்னும் பெரிய பேட்டரி வேண்டியிருக்கும். இந்தச் சுழல் எங்கே கொண்டு விடும் என்பதற்கு அமெரிக்காவின் ராட்சத ஹம்மர் மின்வண்டி சாட்சி. மொத்தம் நாலு டன்னுக்கு மேல். பேட்டரி மட்டும் ஏறக்குறைய 1,300 கிலோ. அதாவது ஒரு முழு ஹோண்டா சிவிக் அளவு என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி 2023 ஜனவரியில் எச்சரித்தார். ஜப்பானின் சின்ன மின்காரான நிசான் சகுராவில் இருப்பது வெறும் 20 கிலோவாட்-மணி. ஒரு ஹம்மர் பேட்டரியின் கொள்ளளவில் பத்து சகுரா ஓடும். அவ்வளவு லித்தியமும் நிக்கலும் ஒரே வீட்டு வாசலில் நிற்பதற்குப் பெயர் பசுமை என்றால், எனக்கு ஒப்புதல் இல்லை.

அதற்காக எடையை மட்டும் காட்டி மின்காரையே வேண்டாம் என்பதும் சரியில்லை. பிரேக் போடும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறுவதால், எடையைத் தள்ளச் செலவான மின்சாரத்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. பிரேக் தூசியும் குறைகிறது. கனமான வண்டியால் சாலை நாசமாகும் என்ற புகார் லாரிக்குப் பொருந்தும், காருக்கு அவ்வளவாக இல்லை. திரும்பி வராதது டயர் தேய்மானம். டயர் கெடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோன் பட்டு மாறி, மழைநீரோடு ஓடையில் கலந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். எடை கூடக் கூட டயர் தேய்வும் கூடும், அது எந்த எரிபொருளில் ஓடினாலும்.

வரிக்காரர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். நார்வே 2023 முதல் புது மின்கார்களுக்கும், 500 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 12.5 குரோனர் போட்டது. பாரிஸில் 2024 அக்டோபரிலிருந்து அந்தந்தப் பகுதியில் குடியில்லாதவர்களின் கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணம் மூன்று மடங்கு. பெட்ரோல், டீசல் காருக்கு வரம்பு 1.6 டன், மின்காருக்கு 2 டன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஓரக்கல் எடை' என்றால் கல்லின் எடையாகிவிடும். 'நிறுத்த எடை' என்றால் வண்டியை நிறுத்தியதா, தராசில் நிறுத்ததா என்று குழப்பம். 'காலி வண்டி எடை' என்பது லாரிக்காரர்கள் எடைமேடையில் சொல்கிற நல்ல சொல். அது அன்லேடனுக்குப் பொருந்தும். கெர்ப் வெயிட்டில் இருப்பது காலியல்ல, தயார் நிலை. அதனால் 'ஆயத்த எடை' என்பதே என் தேர்வு: 'சகுராவின் ஆயத்த எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல்.' கிலோவில் சொல்வதால் 'ஆயத்த நிறை' என்பதுதான் சரி என்று இயற்பியல் ஆசிரியர்கள் திருத்தலாம். பாடநூலில் அப்படியே இருக்கட்டும். ஷோரூமில் 'எடை என்ன?' என்றுதான் கேட்போம்.