ஸ்ட்ராடஜி: சூழ்வும் நடப்பும்

யாங்கோன் (பழைய ரங்கூன்) பயின்னாவுங் மொத்தச் சந்தையில் உளுந்து, துவரை வியாபாரம் பார்க்கும் நம்மவர்கள் பேச்சில் இப்போது ‘ஸ்ட்ராடஜி’ அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் ‘ஐடியா’ என்ற பொருளில்தான். அது சரியல்ல.

சொல் கிரேக்கம். ‘ஸ்ட்ராடோஸ்’ என்றால் படை, ‘ஆகெய்ன்’ என்றால் நடத்துதல். படை நடத்துபவர் ‘ஸ்ட்ராடெகோஸ்’. பழைய ஏதென்ஸ் ஆண்டுதோறும் பத்துப் பேரை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தது. வணிகத்துக்குள் இந்தச் சொல் வந்தது வெகு பின்னால். 1962இல் ஆல்ஃபிரட் சாண்ட்லர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அதற்கு விளக்கம் தந்தார்: நீண்டகால இலக்கை முடிவுசெய்வது, வழியைத் தேர்வது, அதற்கு வேண்டிய முதலையும் ஆளையும் ஒதுக்குவது.

தமிழில் ‘உத்தி’ என்கிறார்கள். தொல்காப்பியம் சொல்லும் 32 உத்திகளும் நூல் செய்யும் நுட்பங்கள். கையில் எடுத்த வேலையைத் திறமாக முடிக்கும் வழிக்கு அந்தச் சொல் பொருந்தும், எந்த வேலையை எடுப்பது என்ற கேள்விக்குப் பொருந்தாது. ‘வியூகம்’ படையை அணிவகுத்து நிறுத்தும் அமைப்பு. இலங்கையில் வழங்கும் ‘மூலோபாயம்’ பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் கடைப் பேச்சில் ஒட்டாது.

எனக்குப் பிடித்தது ‘சூழ்ச்சி’. இன்று சதி என்ற பொருள் ஏறிவிட்டது, ஆனால் வள்ளுவர் காலத்தில் அது ஆழ்ந்த ஆலோசனை. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது’ (671). ஆலோசனை ஒரு துணிவில் முடிய வேண்டும், துணிந்ததைத் தள்ளிப்போடுவது கெடுதல். யோசிப்பதையும் செய்வதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டார். சதி வாடை வேண்டாம் என்றால் ‘சூழ்வு’ என்று எழுதலாம்.

அன்றாட வேலைக்கு ‘நடப்பு’ போதும். அது இந்த ஊரில் புழங்கிய சொல். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி நகரத்தார் முடிவுசெய்த வட்டிக்கு ‘நடப்பு வட்டி’ என்றே பெயர். எந்த ஊரில் கடை போடுவது, எவ்வளவு முதல் இறக்குவது, யாரை அனுப்புவது எல்லாம் செட்டிநாட்டில் இருந்த முதலாளியின் பொறுப்பு. மூன்று வருடக் கணக்குக்கு வந்த ஏஜெண்டு பெட்டியடியில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கலைப் பார்த்தார். சூழ்வு ஓர் இடம், நடப்பு ஓர் இடம். நமக்கோ இரண்டும் ஒரே தலையில்.

என் பெரியப்பா விடிந்தால் குத்தூசியோடு மூட்டைகளுக்கு நடுவில் நிற்பார். குத்தி எடுத்த உளுந்தை உள்ளங்கையில் பரப்பி ஊதி, ஒன்றைக் கடித்து ஈரம் பார்ப்பார். எடை ‘விஸ்’ கணக்கு (நம் வீசைதான் அது). லாரி, கூலி, சிட்டை எதிலும் பிசகு இருக்காது. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. இங்கே விலை சரிந்தது, எங்கள் கிடங்கோ நிறைந்து கிடந்தது. ஒரே பயிரை ஒரே நாட்டுக்காக வாங்கிக் குவிக்கலாமா என்று உட்கார்ந்து யோசிக்க அவருக்கு அதுவரை ஒரு மாலைகூட வாய்த்ததில்லை.

அப்புறம் ஞாயிறு மாலைகளில் சிட்டையை மூடிவைத்துவிட்டு அண்ணனையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அதற்கென்று தனி நோட்டு. அட்டையில் ‘சூழ்வு’ என்று எழுதியது நான். உள்ளே முதல் வரி பெரியப்பா கையெழுத்து: ‘எள் சாம்பிள் வாங்கிப் பார்க்க, திங்கள் காலை.’