மாம்பூவும் ராக்கெட் புகையும்

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்ட மறுவாரம் எங்கள் தோப்பில் மாம்பூ கருகிக் கொட்டிவிட்டது. அந்தப் புகைதான் காரணம் என்கிறார் மாமனார். உண்மையா சார்?”

மாமனாரைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. பூவெடுக்கும் தை மாதத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்துதான் வீசும். ஸ்ரீஹரிகோட்டா இருப்பதும் அந்தத் திசையில்தான், சுமார் 250 கி.மீ. தள்ளி. அங்கிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் 139 டன் திட எரிபொருள்: அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், இரண்டையும் பிடித்துவைக்க ஒருவகை ரப்பர். எரிந்து வருவதில் எடைக்கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு போல ஹைட்ரஜன் குளோரைடு. ஈரம் பட்டால் அமிலம்.

இவ்வளவு தூரம் வந்து நீர்த்துப்போனதை அளக்க, நூறு கோடியில் ஒரு பங்கையும் உணரும் கருவி வேண்டும். இருக்கிறது.

ஊர்க் கோயில் மணியை அடித்துவிட்டுக் காது கொடுங்கள். ரீங்காரம் மெல்ல மெல்ல அடங்கும். மணிமேல் துண்டைப் போட்டுவிட்டு அடித்தால் சீக்கிரமே அடங்கிவிடும். (மாதிரி ராக்கெட்டைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்விட்டு ஏவுகிற நாட்டில் இந்த உவமை பொருந்தும்.) இந்தக் கருவியில் ஒலிக்குப் பதில் ஒளி. அரை மீட்டர் குழாய், இரு முனையிலும் ஆடி. 10,000 பங்கு ஒளி விழுந்தால் 9,999 பங்கைத் திருப்பியனுப்பும் ஆடி! உள்ளே லேசரைச் செலுத்தி, சட்டென்று அணைத்துவிடுகிறார்கள். மாட்டிக்கொண்ட ஒளி அங்குமிங்கும் மோதி மோதி, அரை மீட்டருக்குள்ளேயே சுமார் 5 கி.மீ. நடந்துவிடுகிறது. வெறுங்குழாயில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மங்க 17 மைக்ரோ வினாடி போல ஆகும். ஹைட்ரஜன் குளோரைடு விழுங்கும் அகச்சிவப்பு நிறத்தில் லேசரை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நடைக்கும் அந்த வாயு ஒரு சிட்டிகை தின்னும். ஒளி சீக்கிரம் அடங்கும். எவ்வளவு சீக்கிரம் என்பதிலிருந்தே வாயுவின் அளவு தெரிந்துவிடும். லேசரின் பலம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. மணியை ஓங்கி அடித்தாலும் லேசாகத் தட்டினாலும் அடங்கும் வேகம் ஒன்றுதானே!

கடலுப்பிலிருந்தும் இதே வாயு கொஞ்சம் வரும். அதனால் ஏவுவதற்குப் பல நாள் முன்பிருந்தே அளந்து கழிக்க வேண்டும். ராக்கெட்டுக்குக் கோடிகள் கொடுக்கிறோம், சந்தோஷம். அளக்கும் பெட்டிக்கும் கொடுங்கள் என்பது என் பழைய புலம்பல்.

சரி, தோப்பு விஷயம். பி.எஸ்.எல்.வி.யைவிடப் பலமடங்கு எரிபொருளோடு அமெரிக்க விண்வெளி ஓடம் கிளம்பியபோதே, செடிகள் கருகியது பெரும்பாலும் ஏவுமேடையிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில்தான். முதல் சில வினாடிப் புகைதான் தரையோரம் தங்கும். மீதி மேலே போய்விடும். மேலே ஓசோன் படலத்தில் நேராகக் கலக்கும் குளோரின் வேறு கதை. அதை அளக்க நாசா விமானத்தையே புகைக்குள் ஓட்டியிருக்கிறது.

ஆக, 250 கி.மீ. தள்ளியிருக்கும் உங்கள் பூவை அந்தப் புகை கருக்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நாளைக் காலை ஒரு பூங்கொத்தை உலுக்கிப் பாருங்கள். குட்டிக்குட்டியாகத் தத்தினால் தத்துப்பூச்சி, வெள்ளை மாவு படிந்திருந்தால் சாம்பல் நோய். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.