மலைக்காற்றும் பழைய பம்ப் ரைபிளும்

நுவரெலியாவில் ஒரு பம்ப் எயார் ரைபிளுக்கு, அதாவது கையால் காற்று அடித்து நிரப்பிக் குண்டு சுடும் துப்பாக்கிக்கு, பத்து அடி அடித்தால், அது கொழும்பில் எட்டு அடி அடித்ததற்குத்தான் சமம். வாசர் தேய்ந்திருக்க வேண்டியதில்லை, வால்வு ஒழுக வேண்டியதில்லை. காற்றே அங்கு அவ்வளவுதான். மலையகத்தில் பழைய ரைபிள் கைக்கு வந்தவர்கள் இது தெரியாமல் "பவர் இல்லை" என்று சொல்லி, முதல் வேலையாக அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். திருகாணியில் கை வைக்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே காற்று என்ன செய்கிறது என்பது ஒன்று. அது எந்தக் காலத்துச் சாமான் என்பது மற்றது. அனுமதிப்பத்திரம் பற்றிப் பொலிஸ் நிலையத்தில் கேட்டுத் தெளிவதும், குழலில் குண்டு இல்லை என்று பார்த்துக்கொள்வதும் இவற்றுக்கும் முந்திய வேலைகள்.

பம்ப் கைப்பிடி இருப்பதெல்லாம் ஒரே இனம் இல்லை. அமெரிக்க டெய்சி கம்பனி 1914 முதல் விற்ற 25ஆம் மாடலிலும் குழலுக்கு அடியில் முன்னும் பின்னும் இழுக்கும் கைப்பிடி உண்டு. ஆனால் அது ஒரு ஸ்பிரிங்கைப் பின்தள்ளிப் பூட்டுகிறது, அவ்வளவே. ஒரு இழுப்போடு அதன் வேலை முடிந்தது. நாம் பேசப்போவது மற்ற வகையை. கிராஸ்மன், பெஞ்சமின், ஷெரிடன் போன்ற கம்பனிகள் செய்தது. அதில் ஒவ்வொரு அடியும் வெளிக்காற்றை ஒரு சிறிய காற்றறைக்குள் சேர்த்துக்கொண்டே போகும். கையிலேயே வித்தியாசம் தெரியும். மூன்றாவது அடி இரண்டாவதைவிடக் கனமாகவும், நான்காவது அதைவிடக் கனமாகவும் இருந்தால் அது இந்த இனம்.

கைப்பிடியைத் திறக்கும்போது பிஸ்டன் வால்விலிருந்து விலகிப் போய் வெளிக்காற்றை உள்ளே விடுகிறது. மூடும்போது அந்தக் காற்று நசுங்கி, ஒருவழி வால்வைத் தள்ளிக்கொண்டு காற்றறைக்குள் போகிறது. விசையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் இன்னொரு வால்வின், அதாவது சுடும் வால்வின், தண்டில் தட்டும். அது திறந்து மூடும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் காற்று ஈயக்குண்டின் பின்னால் பாய்ந்து அதைத் தள்ளிவிடும்.

ஆக, பிஸ்டன் ஒவ்வொரு அடிக்கும் எடுப்பது எப்போதும் ஒரே கன அளவு. அந்த அளவுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம். ஹட்டனில் 86 வீதம் அளவில் வரும். கண்டிக்கு இறங்கினால் 94. கணக்கு நேரானது: பத்து அடியின் 80 வீதம் எட்டு அடி.

இதைவிட முக்கியமானது பிஸ்டனுக்கு முன்னால் மிஞ்சும் இடைவெளி. உள்ளே ஓட்டம் முடிந்து பிஸ்டன் நின்ற பிறகும் அதற்கும் வால்வுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடத்தில் சிக்கிய காற்று காற்றறைக்குள் போகாது, மறுபடி விரிந்து வீணாகும். ஒரு உதாரணத்துக்கு, பிஸ்டன் 150 மி.மீ. ஓடுகிறது, இடைவெளி 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 153 மி.மீ. நீளக் காற்று 3 மி.மீ.க்குள் ஒடுங்குகிறது. அதாவது 51 மடங்கு. காற்றறையில் அழுத்தம் அதை எட்டியபின் நீங்கள் நூறு அடி அடித்தாலும் வால்வு திறக்காது. இப்போது தோல் வாசர் தேய்ந்தோ, கைப்பிடி மூட்டு ஆடியோ அந்த இடைவெளி 6 மி.மீ. ஆகிவிட்டால்? 26 மடங்கோடு நின்றுவிடும். உச்ச அழுத்தம் பாதிக்குப் பாதி போயிற்று. வாசரில் கிழிசல் இல்லை, எங்கும் ஒழுகவும் இல்லை, ஆனாலும் ரைபிள் செத்துக் கிடக்கும். "எல்லாம் மாற்றிவிட்டேன், பவர் வரவில்லை" என்ற முறைப்பாட்டில் பெரும்பாலும் காரணம் இந்தச் சில மில்லிமீட்டர்தான். அதனால் பம்ப் தண்டின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் வசதி சில மாடல்களில் வைத்திருக்கிறார்கள்.

சரி, நுவரெலியாவில் இரண்டு அடி கூட்டி அடித்தால் என்ன? கணக்குப்படி கிட்டத்தட்டச் சமமாகத்தான் வரும். நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். கிராஸ்மன் 760க்குப் பத்து, ஷெரிடனுக்கு எட்டு என்று கம்பனி வைத்த எல்லை புது உலோகத்துக்கு வைத்தது. ஐம்பது வருடம் பழகிய மூட்டுக்கும் ஊசிக்கும் அந்தச் சுமை வேறு. அதோடு லாபமும் பெரிதில்லை. குண்டின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், சக்தி இரட்டித்தாலும் வேகம் நாற்பது வீதம்தான் கூடும். அளவுக்கு மிஞ்சி அடித்தால் உள்ளே இருக்கும் காற்று வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுத்தியல் தட்டினாலும் சரியாகத் திறக்காது.

வயதுக்கு வருவோம். தொடர் இலக்கம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குழலில் பொறித்திருக்கும் எழுத்துகள் நிறையச் சொல்லும். பேட்டன்ட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 20 இலட்சமாவது பேட்டன்ட் 1935இல் கொடுத்தது, 30 இலட்சமாவது 1961இல், 40 இலட்சமாவது 1976இல். உங்கள் ரைபிளில் 29 இலட்சத்துச் சொச்சம் என்று ஒரு எண் இருந்தால், அது 1950களின் கடைசிக்கு முந்தியதாக இருக்கவே முடியாது. பிந்தியதாக இருக்கலாம். பொறிப்பு எப்போதும் "இதற்கு முன் இல்லை" என்றுதான் சொல்லும். ஊர்ப் பெயரும் உதவும். டெய்சி கம்பனி மிச்சிகன் மாநிலத்துப் பிளைமவுத்திலிருந்து ஆர்கன்சாஸ் மாநிலத்து ரோஜர்ஸுக்கு 1958இல் போனது. ஆகவே பிளைமவுத் என்று இருந்தால் அதற்கு முந்தியது. பெட்டியிலோ கையேட்டிலோ அமெரிக்க முகவரியோடு ஐந்து இலக்கத் தபால் குறியீடு இருந்தால் 1963க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்த முறையே அந்த வருடம்தான் வந்தது. மேற்கு ஜெர்மனி என்று பொறித்த குழல் 1949க்கும் 1990க்கும் நடுவில்.

நம் ஊருக்கே உரிய தடயம் ஒன்றும் உண்டு. பழைய பற்றுச்சீட்டோ அனுமதிப்பத்திரமோ ரைபிளோடு வந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் அச்சடித்த நாட்டின் பெயர் சிலோன் என்று இருந்தால், 1972 மே மாதம் நாடு பெயர் மாறுவதற்கு முன் அச்சடித்த தாள் அது. பழைய தாள்களைத் தீரும்வரை பாவித்திருப்பார்கள் என்பதால் ஓரிரு வருடம் பிந்தவும் இடமுண்டு. தோட்டத்துப் பங்களாச் சாமான்களில் வருடத்தைக் கிட்டத்தட்டக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி பலமுறை கிடைப்பதில்லை.

வயதை இவ்வளவு தேடுவதற்குக் காரணம் பெருமை இல்லை. வயது தெரிந்தால் உள்ளே என்ன வாசர் இருக்கும் என்று ஊகிக்கலாம். வட்ட வளையமாக இருந்து காற்றை அடைக்கும் ரப்பர் ஓ-ரிங்குக்கு டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் அமெரிக்காவில் பேட்டன்ட் பெற்றது 1939இல். அது பரவலானது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். அதற்கு முந்திய பம்பில் கிண்ண வடிவத் தோல் வாசர்தான். பிறகும் பலர் தோலை விடவில்லை. தோலுக்கும் ரப்பருக்கும் வைத்தியம் வேறு வேறு.

கழற்றாமலே நோயைக் கண்டுபிடிக்கலாம். மூன்று அடி அடித்துக் கைப்பிடியை விட்டுப் பாருங்கள். தானாகத் திறந்து எழும்பினால் ஒருவழி வால்வு பின்னால் ஒழுகுகிறது. குழல் வாயருகே கையைக் கொண்டுபோகாமல், ஒரு சிறு பஞ்சுத் துண்டைச் செருகி ரைபிளைப் பத்திரமான பக்கம் நீட்டி வையுங்கள். பஞ்சு மெல்ல வெளியே நகர்ந்தால் சுடும் வால்வு ஒழுகுகிறது. அடிக்கும்போது கையில் கனமே ஏறாவிட்டால் பிஸ்டன் வாசர்.

வெளியே எடுத்த பழைய தோல் வாசரைப் பார்த்தால் ஓரம் கறுத்து, உள்பக்கம் மடங்கி, நகத்தால் தட்டினால் டிக் என்று சத்தம் வரும். அது கிழியாத வரை வீசிவிட வேண்டாம். குதிரைச் சேணத்துக்குப் பூசும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டால், காலையில் விரலுக்கு வளைந்து கொடுக்கும். ஓரத்தை விரலால் நீவி வெளிப்பக்கம் விரித்துவிட வேண்டும். காற்று அழுத்தும்போது அந்த உதடுதான் குழாய்ச் சுவரோடு ஒட்டி அடைக்கிறது. காலம் முடிந்ததென்றால், விட்டம் பொருந்தினால், ஹட்டன் கடைகளில் மண்ணெண்ணெய் அடுப்புப் பம்புக்கு விற்கும் தோல் வாசரே போதும்.

எண்ணெய் விஷயத்தில் மலையகத்தில் நடக்கும் பெரிய தவறு தேங்காய் எண்ணெய். அது 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறைந்துவிடும். தலவாக்கலையிலோ நானுஓயாவிலோ காலையில் போத்தலைக் கவிழ்த்தால் எண்ணெய் விழாதே, அதே கதைதான் பம்புக்குள்ளும். வாசர் விறைத்து, வால்வு மெழுகு பிடித்து நிற்கும். மண்ணெண்ணெயும் மெல்லிய ஸ்ப்ரே எண்ணெய்களும் இன்னும் மோசம். நசுங்கும் காற்று சூடேறும். அதில் அந்த ஆவி கலந்திருந்தால் பற்றிக்கொள்ளக்கூடும். சோப்பு மருந்து கலக்காத 30ஆம் தர மோட்டார் எண்ணெய், இரண்டு துளி, அது போதும்.

அப்புறம் ஈரம். 15 பாகையில் பனிமூட்டம் நிறைந்த காற்றின் ஒரு கன மீட்டரில் கிட்டத்தட்ட 13 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்றைப் பல பத்து மடங்கு நசுக்கினால் நீராவியில் பெரும்பகுதி தண்ணீராகிவிடும். ஒரு அடிக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் வருடக்கணக்கில் சேரும்போது உருக்கு வால்வு இருக்கையில் (வால்வு உட்கார்ந்து அடைக்கும் விளிம்பில்) துருப்புள்ளி விழ அது தாராளம். மூட்டத்தில் வெளியே நின்று அடிப்பதைவிட உலர்ந்த காற்றில் அடிப்பது நல்லது. எடுத்து வைக்கும்போது குண்டில்லாமல் ஒரு அடி அடித்து வைத்தால், உள்ளே இருக்கும் அழுத்தம் வால்வை இருக்கையில் அழுத்திப் பிடித்து, தூசி புகாமல் காக்கும்.

பெஞ்சமின், ஷெரிடன் குழாய்கள் பித்தளை. துருப்பிடிக்காது என்று நம்பி உர ஸ்டோரில் வைக்கிறார்கள். அதுதான் வைக்கக்கூடாத இடம். யூரியாவிலிருந்தும் அமோனியம் சல்பேட்டிலிருந்தும் கிளம்பும் அமோனியா, ஈரம், இழுவிசையில் இருக்கும் பித்தளை மூன்றும் சேர்ந்தால் உலோகம் மயிரிழையாக வெடிக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் வெடிப்பு விட்டதற்குக் காரணம் இதுதான் என்று 1921இல் விளக்கினார்கள். அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷும் அதே கேட்டைச் செய்யும். குழாயை நல்ல வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு, நகம் தடுக்கும்படி தெரிந்தால், அது கீறலா வெடிப்பா என்று உறுதியாகும்வரை ஒரு அடிகூட அடிக்க வேண்டாம். வெடிப்பென்றால் ஈயம் வைத்து ஒட்டவும் கூடாது. அந்த ரைபிளிலிருந்து வால்வையும் கைப்பிடியையும் உதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். குழாயைப் பழைய பித்தளைக்குக் கொடுத்துவிடுங்கள்.