நிலச் சான்று வந்தால் கடன் வருமா?

நில அளவை முடிந்து எல்லைக்கல் நடும் நாளில் உழவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இதைத்தான்: "இனிமே பேங்க்ல லோன் கிடைக்குமா சார்?" கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வருவதில்லை.

துண்டு நிலத்தை அடமானம் பிடித்து, தவணை தவறினால் ஏலம் விடுவது பெரும்பாலான வங்கிகளுக்குக் கட்டுப்படியாகாது. தாய்லாந்தில் 1980-களில் சான்று வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் கடன் கிடைத்தது உண்மைதான். ஆனால் அங்கே உழவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி முன்பே கிராமங்களை எட்டியிருந்தது.

எத்தியோப்பியாவைப் பாருங்கள். நிலம் அங்கே அரசுடையது, விற்க முடியாது. சான்று கொடுக்கத் தொடங்கிய காலத்தில் அடமானத்துக்கும் வழியில்லை. ஆனாலும் அம்ஹாரா பகுதியில் சான்று பெற்றவர்கள் மண்ணரிப்பைத் தடுக்கும் வேலைகளில் கூடுதலாக இறங்கினார்கள். குத்தகைக்கு விடுவதும் கூடியது. 1997-இல்கூட அங்கே நிலத்தைப் பிடுங்கி மறுபங்கீடு செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டு யார் கையில் இருக்கும் என்று தெரியாத மண்ணில் எவர் கல் அடுக்கிக் கரை கட்டுவார்? குத்தகைக்கு விட்டால் திரும்பி வருமா என்ற பயமும் அப்படித்தான். இத்தனைக்கும் ஒரு துண்டுக்கு ஆன செலவு ஏறக்குறைய 1 டாலர். ஊர்க்காரர்களே கூடி நின்று எல்லை காட்டினார்கள். துல்லியமான வரைபடம் பிறகு வந்தது. துல்லியத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட இது மேல் என்பது, அளவைக்காரனான என் கருத்தும்கூட.

எனக்கு உறுத்துவது பெயர் எழுதும் இடம். அம்ஹாராவில் கணவன், மனைவி இருவர் படமும் சான்றில் இருந்தது. அதே நாட்டில் சான்று கொடுப்பதை முதலில் தொடங்கிய திக்ரே பகுதியில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். ருவாண்டாவில் 2009 முதல் 2013-க்குள் 1 கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பதிந்தார்கள். முன்னோட்டமாகப் பதிவு நடந்த பகுதிகளில், திருமணத்தைப் பதிவு செய்த பெண்களின் உரிமை வலுத்தது. பதியாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்களின் உரிமை தேய்ந்தது. வாய்மொழியாக ஊர் ஏற்றிருந்த உரிமையைப் பதிவேடு அழித்துவிடவும் கூடும்.

கென்யாவில் 1950-களிலேயே பதிவு தொடங்கிவிட்டது. உரிமையாளர் இறந்தபின் வாரிசுகள் பெயர் மாற்றாததால், ஏட்டில் தாத்தா பெயரும் வயலில் பேரன்களும் என்று ஆனது. பெயர் மாற்றக் கட்டணமும் அலைச்சலும் நிலத்தின் அளவுக்குப் பொருந்தாவிட்டால் எங்கும் இதுதான் நடக்கும்.

ஆகவே உங்கள் ஊரில் பதிவு நடந்தால், எல்லை அளக்கும் நாளில் பக்கத்து நிலத்தாரோடு நீங்களும் வரப்பில் நில்லுங்கள். வரைவுப் பட்டியல் ஒட்டப்பட்டதும் மனைவி, விதவைத் தாய், கூட்டுப் பங்காளி என எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால், கெடு முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.